கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இன்று காலை ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது மனைவி பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைகளுக்கு நடுவிலிருந்து பாச்சை உருண்டை மணம் வந்தது. உம்முடைய புத்தக அலமாரி நினைவுக்கு வந்துவிட்டது, ஓய். பந்தியில் உட்கார்ந்த பிறகும் மூக்கில் அதே மணம். பாயசத்துக்குக்கூட இருக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நீர் குழித்துறைச் சந்தைப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். ஊரார் உம் கடையில் குத்துவிளக்கு வாங்கிக் கல்யாணத்துக்குக் கொண்டுபோனார்கள். நீர் மட்டும் புத்தகம் கொண்டுபோவீர். "வெளக்கு எல்லாரும் குடுப்பாவ சாரே. வாசிக்க ஏதாவது வேண்டாமா?" என்பீர். பொண்ணு வீட்டார் முகம் சுளிப்பதை ரசிக்கவும் செய்வீர்.

உமக்குப் புதுப் புத்தகம் வந்தால் அன்றைக்கே திறக்கமாட்டீர். ஒரு பித்தளைக் குடத்துக்குள் போட்டுவைத்து, வியாபாரத்துக்கு நடுவே அவ்வப்போது எட்டிப் பார்ப்பீர். மறுநாள் கட்டன்சாயாவோடு உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரிப்பீர். அந்த நேரத்தில் விலை கேட்டு வந்தவன் தொலைந்தான்.

பிறகு உமக்கு மூச்சிரைப்பு வந்தது. பழைய தாளின் தூசி ஆகாது என்றார் டாக்டர். வளைகுடாவிலிருந்து வந்த உம் மகன் புதுவீடு கட்டி, பால்காய்ப்பு அன்று உமக்கு ஒரு பரிசு தந்தான். தேக்கு அலமாரி, கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு. உம் புத்தகங்களையெல்லாம் துடைத்து, பாச்சை உருண்டை போட்டு, உயரவாரியாக அடுக்கியிருந்தான்.

"அப்பா, தொறந்தா பொடி பறக்கும். வெளியே இருந்தே பாத்துக்கிடுங்க" என்று பூட்டி, சாவியைத் தன் மனைவியிடம் கொடுத்தான். வந்தவர்கள் எல்லாரும் "மகன்னா இப்பிடி இருக்கணும்" என்றார்கள். நீரும் தலையாட்டினீர். கூட்டம் கலைந்ததும் என் காதருகே சொன்னீர்: "அலமாரியப் பூட்டல்ல சாரே. என்னை வெளியே வச்சுப் பூட்டீட்டான்."

வகுப்பில் நான் கொடுமைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பிள்ளைகள் அடி, பசி என்பார்கள். நானும் சரி என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். இன்று என்னைக் கேட்டால், பசித்தவனை உட்காரவைத்து, சோற்றைக் கண்ணாடிக்குள் வைத்து, விளக்கும் போட்டுக் காட்டுவதைச் சொல்வேன். அதை அன்பாகச் செய்வது இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு.

பாதியில் நின்றுபோன ஒரு நாவலும் உள்ளே மாட்டிக்கொண்டது. அண்ணன் செய்த கொலையைப் பார்த்த தங்கை சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கிறாள். அந்த இடத்தில்தான் நீர் மூடியிருந்தீர். "அவ சொன்னாளா, இல்லியா?" நான் உம்மைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் இதே கேள்விதான். வேறு பிரதிக்கு நாகர்கோவில் வரை அலைந்தேன், கிடைக்கவில்லை. உம் மருமகளிடம் அந்த ஒரு புத்தகத்தை மட்டும் கேட்டேன்.

"ஒண்ணு எடுத்தா மாமா நாளைக்கு அடுத்தது கேப்பாவ சார். பெறவு மூச்சு முட்டினா அவிய என்னைத்தான் ஏசுவாவ" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு ஏத்தன்பழமும் சாயாவும் கொண்டுவந்தாள். நல்ல பெண். குறை சொல்ல வழியில்லை.

அதனால் நாமே முடிவுகளைக் கட்டினோம். நான் அவளை உண்மை சொல்லவைத்தேன். அண்ணன் மனந்திருந்தி அழுதான். நீர் மூச்சுத் திணறத் திணறச் சிரித்தீர். "பள்ளிக்கூடக் கதை ஓய்! கடைசியில தேசியகீதமும் பாடுவாளா?"

உம் முடிவு வேறு. "சொல்லமாட்டா. வீட்டுக்குள்ள இருக்கவனுக்கு எதிரா வாய் வருமா?"

"நீர் உம்ம மகன்கிட்ட ஒருநாள் கேட்டுப் பாரும்."

"ஆசையா செஞ்சிருக்கான். வேண்டாம்னு எந்த வாயால சொல்லது?" என்று கண்ணாடியைப் பார்த்தீர். நெஞ்சில் மூச்சு விசில் அடித்தது. புத்தகத்தைத் தொடாமலேதான் உமக்கு அந்த இரைப்பு கூடிக்கொண்டிருந்தது.

நீர் போன பிறகு மகன் வந்து அலமாரியைத் திறந்தான். உம் போட்டோவை வைக்க இடம் வேண்டியிருந்தது. நடுத்தட்டுப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் இறக்கிவிட்டு, மாலை போட்ட உம்மை அங்கே வைத்து, விளக்கைப் போட்டான். "சாருக்கு எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. இனி வாசிக்க ஆளில்ல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபப்படக்கூட இடம் தரவில்லை.

பெட்டிக்குள் அந்த நாவல் இருந்தது. அங்கேயே நின்று, நீர் நிறுத்திய பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தின் முதல் வரியிலேயே அவள் சொல்லிவிட்டாள், ஓய். கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி, அண்ணன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். நீர் அத்தனை மாதம் கேட்டதற்குப் பதில் ஒரு தாளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நீர் நினைத்தது தப்பு என்று சொல்லிச் சீண்ட நீர் இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் என்னால் பாதியில் மூடி வைக்க முடிவதில்லை. சோறு ஆறிப்போகிறது. "நாளைக்கு வாசிச்சா என்ன? புத்தகம் ஓடியா போவும்?" என்று மனைவி திட்டுகிறாள். ஓடாதுதான். ஆனாலும் ஒரு கையால் பிசைந்துகொண்டு, மற்றக் கையால் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன்.