மீதி பூஜ்யம்

மார்ச் 4, வலியசாலை

இன்றும் மீதி வந்தது.

இரண்டை வர்க்கமாக்கி, வந்ததை மறுபடி வர்க்கமாக்கி, இப்படியே இருபது முறை போய், கடைசியில் ஒன்றைக் கூட்டினால் வரும் எண். மூன்று லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். அது பகா எண் இல்லை என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். ஆனால் எது அதை வகுக்கும் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்தால் 41,94,304-இன் மடங்காக இருக்கும். கையில் இருக்கும் பிடி அவ்வளவுதான்; அப்படிப்பட்ட எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து, மீதி பூஜ்யமாகிறதா என்று பார்க்கிறேன். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை போனதிலிருந்து இதுதான் என் வேலை. வீடு ஓடுவது மனைவி ராஜஸ்ரீயின் பேங்க் சம்பளத்தில்.

மார்ச் 19

ராஜஸ்ரீக்கு பிரமோஷன். கோழிக்கோட்டில் மேனேஜர்.

"நீங்களும் வாங்கோ. இந்தக் கம்ப்யூட்டர் அங்கேயும் ஓடுமோல்லியோ?"

தேடலில் இந்தப் பகுதி முடியட்டும் என்றேன். துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 27

பூஜ்யம்! மறுபடி ஓட்டினேன் — பூஜ்யம்தான்.

மார்ச் 28

ராஜஸ்ரீ அழுதுவிட்டாள். "உங்களைப் பைத்தியம்னு நெனைச்சுண்டிருந்தேனே!" தெருவில் எல்லார் வீட்டுக்கும் பாயசம் கொடுத்தனுப்பினாள். இதே எண்ணுக்கு வகுத்தி தேடுகிறவர்களின் குழுவுக்கு எழுதிவிட்டேன். இனி எனக்கு இந்த ஊரிலேயே யுனிவர்சிட்டியில் ஏதாவது கிடைக்கும் என்று நம்புகிறாள். மத்தியானம் போன் பண்ணி பிரமோஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

மார்ச் 30

பழைய ஆபீஸ் பிரஜின் வந்தான். நான் கண்டுபிடித்து அனுப்பியிருந்த எண்ணைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தானாம். உட்காரக்கூட இல்லை.

"சாரே, எனக்குப் பூஜ்யம் கிட்டலை. மீதி உண்டு. சாரோட புரோகிராம்லயாக்கும் தப்பு."

காட்டினான். எண் பெரிதாகும்போது மேல் இலக்கம் ஒன்று தொலைந்துபோகிறது. வேகத்துக்காக நானே மாற்றி எழுதிய வரி.

மார்ச் 31

அந்த வரியை எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. அப்படியானால் இதுவரை வந்த மீதிகள்? அவையும் பொய்தானே? உண்மையான எண் என் கண்முன்னால் வந்தும், இல்லை என்று தள்ளிவிட்டுப் போயிருப்பேனோ?

ரெண்டு வருஷம்டா சாம்பசிவா. ஒண்ணுமே பண்ணலையேடா நீ.

ஏப்ரல் 2

ராஜஸ்ரீ பேங்கில் கேட்டுப் பார்த்தாள். கோழிக்கோட்டுக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று. குழுவுக்கு மன்னிப்பு எழுதினேன்.

ஏப்ரல் 3

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 16

சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். காலையில் கிளம்பும்போது ராஜஸ்ரீக்குப் போன் வந்தது. கோழிக்கோட்டுப் புது மேனேஜர் ஸ்மிதா, ஏதோ சந்தேகம் கேட்க. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, தோசை வார்த்தபடியே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"எல்லாம் தெரிஞ்சிருக்கே மேடம், நீங்களே இங்க வந்திருக்கலாமே?"

ராஜஸ்ரீ தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்போ எங்காத்துல ஒரு விசேஷம்" என்றாள்.