பனிக்கு வரம்பு கட்டியவர்

லொங்குய்ய்

அன்பு மகள் சாருஜாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள் பிள்ளை, இங்கே சாமம் தாண்டிவிட்டது, சஸ்கட்டூனில் இன்னும் அவ்வளவு நேரமாகியிராது, ஆனாலும் வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் இதை வாசிக்காதே, பின்னேரம் ஆறுதலாக இருந்து வாசி. அப்பாவும் நானும் தங்கச்சியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்றுதான் விளக்குக் கொளுத்தும்போதெல்லாம் கேட்கிறேன். போனில் கதைத்திருக்கலாம், ஆனால் நான் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் அப்பா பக்கத்துக் கதிரையில் வந்து குந்திவிடுவார், இது அவரை வைத்துக்கொண்டு கதைக்கிற கதை இல்லை.

லாசாலில் தொழிற்சாலையை மூடின பிறகு அப்பாவும் அங்கே அவரோடு வேலைசெய்த பேரின்பநாதன் அண்ணையும் சேர்ந்து ஒரு பழைய ட்ரக்டர் வாங்கின கதை உனக்குத் தெரியும், தெருவில் உள்ள வீடுகளுக்குப் பனி தள்ளப்போகிறோம் என்றார்கள், நானும் மனுசன் வீட்டுக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதைவிட அது நல்லது என்று ஓம் சொன்னேன். மற்றவர்கள் பனியை உறிஞ்சித் தூர எறிகிற மெசின் பூட்டித்தான் இந்த வேலை செய்கிறார்கள், இவர்களுக்கு அது வேண்டாமாம், பின்னால் பூட்டி இழுக்கிற பிளேட் போதுமாம், கிளிநொச்சியில் வயலுக்குப் பலகையடித்து மட்டம் எடுத்த கைக்கு உது ஒரு வேலையே என்று அப்பா சொன்னார். பூட்டின அன்று அந்தத் துருப்பிடித்த இரும்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, கராஜ் முழுக்க டீசல் மணத்தில் நின்று இரண்டு பேரும் வடை தின்றார்கள். இன்றைக்கும் அப்பாவின் ஜாக்கெட்டைத் துவைக்கப் போட்டால் மற்ற உடுப்பெல்லாம் அந்த மணம்தான்.

அந்த பிளேட்டைச் சரித்தும் பூட்டலாம் நேராகவும் பூட்டலாம் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். சரித்துப் பூட்டினால் பனி எல்லாம் ஒரு பக்கத்தில் போய் விழும், மற்றப் பக்கம் வெளிக்கும். நேராகப் பூட்டினால் இரண்டு பக்கமும் வழிந்து இரண்டு பக்கமும் திட்டாக நிற்கும். அப்பா என்ன செய்தார் தெரியுமா, நேராகப் பூட்டி, பக்கத்து வீட்டு நல்லம்மா அன்ரியின் ட்ரைவ்வேயில் வயலுக்குக் கட்டுவதுபோல இரண்டு பக்கமும் வரம்பு கட்டினார், தெருவுக்குள் தள்ளினால் நகரசபைக்காரன் தண்டம் எழுதுவான் என்று வாசலுக்குக் குறுக்காகவும் ஒன்றை விட்டார், கார் ஏறிப் போகுமளவு பதிவாகத்தான். நிலம் கிளறுப்படக்கூடாது என்று பிளேட்டை உயர்த்திப் பிடித்ததில் அடியில் ஒரு படை பனி அப்படியே இறுகிக் கிடந்தது. பிறகு இறங்கி நின்று படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டார், நூல் பிடிச்ச மாதிரி எப்பிடி நேர் எண்டு பாருங்கோ என்று. பேரின்பம் அண்ணை அதற்குக் கீழே, தண்ணியைப் பாய்ச்சினா நெல்லு விதைக்கலாம் மச்சான் என்று எழுத, லண்டனில் இருக்கிறவர்கள் வரை கைதட்டினார்கள். நான் யன்னலால் பார்த்துவிட்டு, உதுக்குள்ள மழை பெய்தா தண்ணி எங்காலை போகும் என்று கேட்டேன். உமக்கு உழவு மெசினைப் பற்றி என்ன தெரியும், உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி போடும் என்றார். தேத்தண்ணிதான் போட்டேன்.

அடுத்த கிழமை மழை பெய்தது. இங்கே ஜனவரியில் வருகிற அந்தக் கேடுகெட்ட மழை உனக்குத் தெரியும்தானே, பகல் முழுக்கப் பெய்துவிட்டு இரவில் உறையும். மூன்று பக்கமும் வரம்பு, நாலாம் பக்கம் வீடு, தண்ணீர் போக வழி இல்லை, விடிய நல்லம்மா அன்ரியின் வாசல் ஒரே கண்ணாடி. தங்கச்சி தக்ஷினி பள்ளிக்கூடத்தில் போய், அப்பா பக்கத்து வீட்டில் பத்தினுவார் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள், சறுக்கி விளையாடுகிற தளத்துக்கு அவளுக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் வாயில் வரும், ரீச்சர் பெருமையாக என்னிடம் சொன்னபோது எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. அன்ரி குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலைக்கு இருட்டோடு புறப்படுகிறவ, அன்று தங்கச்சி எழும்ப முதலே, காருக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டா. சத்தம் கேட்டு முதலில் ஓடினது நான்தான். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, தகடு வைத்திருக்கிறார்கள், இனி அந்தப் பெரிய சட்டிகளைத் தூக்கி இறக்குவாவா என்பது ஒருவருக்கும் தெரியாது.

விழுந்தது தற்செயல் என்று விடலாம், பிள்ளை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அருவருப்பு. கராஜில் இருந்து இரண்டு பேரும், அவ செருப்போட வெளிக்கிட்டிருப்பா, உந்த வயசில கவனம் வேணும் என்று கதைக்கிறார்கள். செருப்பு இல்லை. அடியில் முள்ளுப் பூட்டின பூட்ஸ், அதை அவவின் காலில் இருந்து கழற்றினதே நான். அதை நான் சொன்னால், சரி சரி, நீர் சாட்சிக்கு வாரும் என்று பேரின்பம் அண்ணை பகிடி விடுகிறார். சீ என்று போய்விட்டது எனக்கு. ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழமும் முந்திரிகைப்பழமும் கொண்டு போனோம், அங்கே அவவின் மகன் அனுஜன் நின்றான், நல்ல அமைதியான பெடியன், சண்டைக்கு வரவில்லை, அங்கிள், தண்ணி ஏன் வழிஞ்சு போகேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ என்று கேட்டான். அப்போது அப்பா சொன்னார், எங்கட சாருஜா எஞ்சினியரிங் எல்லோ படிக்கிறா, பிளேட்டை நேரா வைக்கச் சொன்னது அவதான், எல்லாம் அவவின்ர கணக்கு என்று. கூசாமல் சொன்னார், அன்ரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கையில் பழப்பையோடு. பிள்ளையை இதுக்குள்ள இழுக்காதேங்கோ என்று நான் அந்த இடத்திலேயே சொன்னேன். சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் என்று சிரித்தார். அனுஜன் சிரிக்கவில்லை. போகும்போது உன் நம்பரைக் கேட்டான், கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை எடுப்பான்.

வீட்டுக்கு வந்து நான் சண்டை பிடித்தேன், தங்கச்சி நித்திரையான பிறகுதான். போய் அனுஜனிடம் நான்தான் பிழையாச் செய்தனான் என்று சொல்லுங்கோ, அவ்வளவும்தான் என்றேன். சொன்னா பேந்து ஆர் எங்களைக் கூப்பிடுவினம், இந்த வயசில நான் வேற எங்க போய் வேலை கேக்கிறது என்றார். அதைக் கேட்கப் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், அவர் இப்போது இரவில் எழும்பிப் போய் யன்னலால் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரை எடுத்துத் தன் பிழைக்கு மேல் போர்த்துகிற மனுசனோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எனக்குள்ள பயம் அனுஜன் இல்லை, நீதான். சின்னனில் இருந்தே அப்பாவை ஒருவரும் ஒன்றும் சொல்லக்கூடாது உனக்கு, அவர் உடைத்த கோப்பைக்கும் நான்தான் உடைத்தேன் என்று வந்து நிற்பாய். சனிக்கிழமை அந்தப் பெடியன் கேட்கும்போது, ஓம் அண்ணா, நான்தான் சொன்னனான் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் இந்தச் சாமத்தில் இருந்து எழுதுகிறேன். உண்மையாகவே சொல்லியிருந்தால் சொல்லு, அதை நாங்கள் பார்த்துக்கொள்ளலாம், படிக்கிற பிள்ளைக்குப் பிழை வருவது உலகத்தில் இல்லாததல்ல. சொல்லாவிட்டால், அப்பாவைக் காப்பாற்றுவதற்காக நான்தான் சொன்னேன் என்று சொல்லாதே. நீ பொறுப்பேற்றால் அவர் அதை வாங்கிக்கொள்வார் பிள்ளை. அதுதான் எனக்குத் தாங்கேலாது. பிறகு அவரை நான் எந்தக் கண்ணால் பார்ப்பது?

அங்கே குளிர் இங்கேயைவிடக் கடுமை, காதை மூடாமல் வெளியே போகாதே, இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, நூடில்ஸ் மட்டும் தின்று படிக்காதே. நீ நடக்கிற பாதையில் எல்லாம் உன் கால் ஊன்றி நிற்கவேண்டும், பிள்ளையார் துணை நிற்பார், நல்லாக இரு. சனிக்கிழமைக்கு முதல் எனக்கு எழுது, நீ சொன்னாயா இல்லையா என்று. அப்பாவிடம் கேட்காமல் எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
பாலாம்பிகை