அப்பா அறுக்காமல் விட்ட காளான்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நலமில்லாமல் இருந்த கதையைத்தான் எழுதப் போகிறேன், ஆகவே பதறாமல் படி. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்வது.

அப்பா சும்மா இருக்கிறாரே என்று அந்தக் காளான் வீடியோவை அனுப்பியது நீதான். பஸ் டிப்போவில் இன்ஜின்களைத் திட்டியே காலம் தள்ளிய மனிதர், ஓய்வு பெற்றதும் திட்ட ஆளில்லாமல் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு நான் வெங்காயம் நறுக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ வந்ததும் உன் அறை போயிற்று. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, என் பெரிய பாத்திரத்தில் வேகவைத்து, ஈரம் வடித்து, அடுக்கடுக்காக விதை தூவிப் பிளாஸ்டிக் பைகளில் திணித்து, நீ சட்டை மாட்டும் கம்பியில் தொங்கவிட்டார். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. உள்ளே போனால், சத்தமா பேசாத, மொளைக்கிற நேரம் என்று எனக்கு அதட்டல் வேறு. நீ பிறந்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு அக்கறை காட்டவில்லை என்று மாடி வீட்டு டெய்லரம்மாவிடம் சொன்னேன். அப்ப பிரசவம் உங்களுக்கு, இப்ப அவருக்காச்சே என்றாள்.

முதல் தடவை சிப்பி சிப்பியாக வெள்ளை வெளேரென்று வந்தது. வறுத்துத் தின்றோம், பொய் சொல்லக் கூடாது, நல்ல ருசி. இரண்டாவது தடவை இன்னும் பெரிய கொத்து. ஓரம் உள்பக்கம் மடங்கியிருக்கும்போதே அறுத்துவிடுங்கள் என்று விதை கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உன் அப்பாவோ, பையன் ஞாயித்துக்கெழம வீடியோல கூப்புடுவான், பையில இருக்கும்போதே காட்டணும் என்று கத்தியை எடுக்கவே விடவில்லை. நீ கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. காளான் கைவிசிறி அகலத்துக்கு விரிந்து, அடியிலிருந்து வெள்ளைத் தூளாகக் கொட்ட ஆரம்பித்தது. மேசை, அலமாரி, அப்பாவின் புருவம் எல்லாம் மாவு மில் மாதிரி. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லாமலும் இல்லை.

துடைத்தது நான். அப்போது பிடித்தது இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சாயங்காலமானால் காய்ச்சல் போல உடம்பு கனத்தது. அந்த அறைக்குள் போனால்தான் கூடுகிறது என்று எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. பதிபக்தி என்று நினைத்துவிடாதே. சொன்னால் நாற்காலி திரும்பவும் சமையலறை வாசலுக்கு வந்துவிடும். தவிர, மனிதர் காலையில் விசிலடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் அவரே டாக்டரிடம் இழுத்துப் போனார். வீட்ல புறா, கோழி ஏதாவது வளக்கறீங்களா என்று டாக்டர் கேட்டார். இல்ல டாக்டர், ஒரு புருஷன் மட்டும்தான் என்றேன். டாக்டர் சிரித்தார். உன் அப்பா விடுவாரா, காளான் வளக்கறோம் சார் என்று போனை நீட்டிப் படம் காட்டினார். டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் தெறந்திருக்குமா என்றார். தெறந்தா காஞ்சிடுமே சார் என்றார் இவர், பெருமை குறையாமல். மூடின அறையில் அந்தத் தூளை இழுத்தால் சிலருக்கு நுரையீரல் புண்ணாகும், இத்தோடு விட்டால் சரியாகிவிடும், விடாவிட்டால் மூச்சுக்கே ஆபத்து, அம்மா இனி காளான் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாப் பையையும் அவிழ்த்து வெளியேற்றி, அறையை ஈரத்துணியால் துடைத்தார். அப்புறம் வந்து, தெரிஞ்சும் ஏன்டி சொல்லல என்றார். எனக்குச் சமையலறை வேணும் என்றேன். காளான் வெதை காசு குடுத்தா கெடைக்கும், ஒன்ன மாதிரி வாயாடி எங்கடி கெடைப்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது டெய்லரம்மா மொட்டைமாடிக் கொட்டகையைத் தருகிறேன் என்கிறாள், நாலு பக்கமும் காற்று, நான் ஏறவே வேண்டாம். போட்டுக்கோங்க என்று நானே சொல்லிவிட்டேன். என் நெஞ்சு சரியானால்தான் தொடுவாராம். அதற்கு டாக்டர் சொல் போதாதாம். தினமும் காலையில் என் முதுகில் காதை வைத்து, இன்ஜினைக் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, இழு, விடு என்கிறார். இன்னும் லேசா கரகரங்குது, வண்டிய டிப்போவ விட்டு எடுக்க முடியாது என்று நேற்றும் சொன்னார். எனக்கு இருமல் நின்றுவிட்டது, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. ஆனாலும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா