காலியாக விட்ட வரி

காலை 7.40

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முட்டிவலியும் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் தெரியவில்லை. ரயில் நிலையக் குண்டுவெடிப்பு வழக்கில் மாஜிஸ்திரேட்டாக நீ போட்ட உத்தரவைப் பத்திரிகையில் மூன்று முறை படித்தேன், அம்மாவுக்கு ஒரு முறை உரக்கப் படித்தேன். பிடித்த இரண்டு பேரையும் இன்னும் பதினைந்து நாள் விசாரிக்கக் கொடுங்கள் என்று போலீஸ் கேட்டதும், ஸ்டேஷன் டைரியைக் கொண்டுவரச் சொன்னாயாம். கைது செய்த நேரம் எழுதிய வரி மட்டும் நெருக்கி எழுதி, வேறு மையில் இருந்ததாம். பிடிபட்ட இருவரையே கேட்டதில், பிடித்து ஆறு நாளாயிற்று என்றார்களாம். வீட்டில் வெடிமருந்து அகப்பட்டவனைச் சிறையில் வைத்து, வக்கீல் எதிரில் விசாரிக்கச் சொன்னாய். அவனுக்குப் போன் விற்றதைத் தவிர வேறெதுவும் செய்ததாகத் தெரியாத கடைக்காரனை வீட்டுக்கு அனுப்பினாய். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான், பதினோரு பேர் செத்திருக்காங்களே, இவளுக்கு ஏன் இந்த வம்பு என்று அழுதாள். அவள் அழுததிலும் நியாயம் இருக்கிறது கண்ணு, அந்தப் பதினோரு வீட்டிலும் அம்மாக்கள் இருப்பார்களே.

நேற்று சாயங்காலம், ஸ்டேஷனில் நான் டைரி எழுதிய காலத்து இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு டீ குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். கடைக்காரனைத் திரும்பப் பிடிக்க வியாழக்கிழமை மனு போடறாங்க, இந்தத் தடவை டைரியைக் கிளற வேண்டாம்னு உங்க பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லுங்க என்றார். முப்பது வருஷம் அவருக்குத் தலையாட்டிய கழுத்து, நேற்று ஆட மறுத்துவிட்டது. சொல்ல மாட்டேன் சார் என்றேன். கதவைச் சாத்தியபின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்ததை மறைப்பானேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டேஷனில் என் மேசையிலேயே வீட்டுப்பாடம் எழுதுவாயே, அப்போது ஒருநாள், ஏம்பா நடுவுல ஒரு வரி விடறீங்க என்று கேட்டாய். மை காயறதுக்கு என்றேன். அது பொய். பிடித்த ஆளை ஒரு நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நாங்கள் அவனை டைரியில் ஏற்றாமல், தினமும் ஒரு வரியைக் காலியாக விடுவோம். கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற அன்று, முந்தின நாள் வரியில் கைது என்று எழுதிவிடுவோம். சொல்வது இன்ஸ்பெக்டர், எழுதுவது நான். பெயர்ப்பலகை எழுதும் பெயின்டரை அப்படி எட்டு நாள் வைத்திருந்தோம், டைரியில் ஒரே நாள். ஆள் மாறிப்போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்தபின் வெகுகாலம் அவர் எழுதிய எழுத்து நேராக நிற்கவில்லை. கடைக்குப் போக அப்பா ஏன் ஊரைச் சுற்றுகிறார் என்று கேலி செய்வாயே, அவர் பட்டறை இருக்கும் தெருவைத் தவிர்க்கத்தான். என் கையெழுத்து அப்படியே உனக்கு வந்திருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வேன். என் கோழைத்தனம் வரவில்லை, அந்தப் பெருமைக்கு ஈடே இல்லை அம்மா. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட இன்று அவர் தெரு வழியாகத்தான் போகப்போகிறேன். அவர் திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன்.

வியாழக்கிழமை டைரியைக் கேள். ஆதாரம் இருந்தால் தயங்காமல் உள்ளே அனுப்பு, இல்லையென்றால் யார் கத்தினாலும் அசையாதே. உனக்குக் காவலுக்கு ஆள் போட்டால் வேண்டாமென்று வீம்பு பிடிக்காதே. நூறு வயது நிமிர்ந்து நடக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

எழுதி முடித்தது காலை 8.25. நடுவில் வரி எதையும் விடவில்லை.