ஐந்து தயக்கங்கள்

1987 பெப். 9, திங்கள்
பூச்சியத்துக்குக் கீழே 19. அகதி விசாரணையில் நான் சொன்னவற்றின் தட்டச்சுப் பிரதி தபாலில். என் வழக்கைப் பார்க்கிற லோயர் அனுப்பியது. 41 பக்கம். பென்சிலோடு உட்கார்ந்தேன்.

பக். 17. திருகோணமலையில் விலங்கியல் படிப்பித்தவன் என்பதை நம்பாமல், அதிகாரி ஒரு சொல்லை எழுதி நீட்டிய இடம். நட்சத்திர மீன் வகையறாவின் பெயர். வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன்: எக் - கை - னோ - டேர் - மேற் - றா.

பிரதியில் அசைகளுக்கு நடுவே ஒவ்வோர் இடைவெளியிலும் அடைப்புக்குறிக்குள் “தயங்குகிறார்”. ஐந்து தடவை. தயங்குகிறாராம்.

27 வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். எக்கைனோ, முள். டேர்மா, தோல். பிரித்துக் கொடுக்காவிட்டால் கிரேக்கச் சொல் எந்தப் பிள்ளையின் வாயிலும் நிற்காது. இதைத் தட்டச்சு செய்தவர் எந்த வகுப்பில் இருந்தாரோ.

ஆசிரியன் இல்லை என்றால், பள்ளிக்குள் இராணுவம் வந்ததும் பொய். அது பொய் என்றால் திருப்பி அனுப்புகிற விமானம்.

பெப். 10
நூலகம். பெரிய அகராதி. புள்ளி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அழுத்தம் ‘டேர்’ மேல். சரி. ஆனால் முதலில் வரும் ‘எக்’கைத் தனியே பிரிக்கவில்லை. ஐந்தில் ஒன்று என் பிழையோ? ஒரு மணித்தியாலம் இதே யோசனை. பிழையென்றாலும் பிழைதான், தயக்கம் இல்லை.

பால், பாண், தலையிடி மாத்திரை.

பெப். 11
மகள் வசந்தி வேலையால் வந்ததும் காட்டினேன். “விடுங்கோ அப்பா. அவங்களோட கொழுவுற நேரமே இது?” அவளுடைய வழக்கும் என் வழக்கோடுதான். அவள் அதைச் சொல்லவில்லை. சட்டியைக் கழுவினாள், வெகுநேரம்.

பெப். 13, வெள்ளி
பனி. வசந்தியோடு டவுன்டவுன், லோயர் அறை. கடிதம் ஆயத்தம்: வயது 68, பதற்றத்தால் தயங்கினேன், மன்னிக்கவும். இப்படி எழுதினால் இரக்கப்படுவார்கள் என்றார் லோயர். என்னை இரக்கம் கேட்கச் சொல்கிறார்கள், அதுவும் அந்தச் சொல்லுக்காக.

வசந்தி பேனாவைத் தந்தாள். “வையுங்கோ அப்பா. ஒரு கையெழுத்துத்தானே.”

நாய் குரைத்தால் வேறு ஒழுங்கையால் போகிறவன் நான். கை பேனாவரை போனது.

“நான் பயந்த மனுசன்தான் பிள்ளை. ஆனா அந்தச் சொல்லுக்குப் பயப்படேல்லை.”

அந்தக் கடிதத்தின் பின்புறத்தில் நானே எழுதினேன்: தயக்கம் அல்ல, அசைப் பிரிப்பு. ஐந்து இடத்திலும் திருத்தவும். கையெழுத்து. லோயர் வாங்கிக் கோப்பில் வைத்தார்.

மெட்ரோவில் வசந்தி என் பக்கத்தில் உட்காரவில்லை.