சோட்டாவுக்கு ஒரு பிடி காய்ந்த புல்

என் அண்ணாவுக்கு, எந்தச் சட்டையைப் போட்டாலும் கொள்ளு வாசம் அடித்தவனுக்கு,

வைகாசி வெயில். காற்று இல்லை. கொட்டகைக்குள் சோட்டா வாளியை உதைத்துக்கொண்டிருக்கிறான். காலி வாளி. சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசல்வரை போகிறேன். திரும்பி வருகிறேன். இரண்டு வரி எழுதுவதற்குள் மறுபடியும் உதைக்கிறான். அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. அதைத்தான் அவன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

ஒரு மட்டக் குதிரையிடம் எப்படிச் சொல்வது, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று? என்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் எனக்கே பிடிக்காது.

ஆனி பிறந்தால் உன் முதல் திவசம். பெரியம்மா இப்போதே சொல்லிவிட்டாள், அன்றைக்குச் சோட்டாவுக்குத் தனி இலை என்று. போன வருடம் போட்டது போல. போன வருடம் அந்த இலையால் என்ன ஆனது என்பது உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன ஆனியில் அன்று நீ குதிரைகளுக்குக் கடலைக்கொடி விலை பேசத் திமிரிக்குப் போனாய். திரும்பும்போது பைபாஸில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. நீ பேசிவிட்டு வந்த கொடி மட்டும் சொன்னபடி வந்து சேர்ந்தது. டெம்போக்காரருக்கு எதுவும் தெரியாது. பந்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். "இன்னா, வீட்ல விசேஷமா?" உன் தோஸ்த் பாபு பாய்தான் எழுந்துபோய் ஒரு வார்த்தை பேசாமல் கட்டுகளை இறக்கினார்.

பதினாறாம் நாள். மொட்டை மாடியில் உனக்குப் படையல். சோறு, வடை, பாயசம், அதிரசம். எல்லோரும் நின்று காக்காயைக் கூப்பிட்டோம். வரவில்லை. வெயில் ஏறியது. பெரியம்மாவின் குரல் உடைந்தது. அப்போது கீழே கொட்டகையிலிருந்து சோட்டா கனைத்தான்.

"அவன்தான்," என்றாள் பெரியம்மா. "பசிக்குதுன்றான். காக்காவா வந்தா நமக்கு அடையாளம் தெரியாதுன்னு இங்க நின்னுக்கினு கூப்பிடறான் பாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இதையெல்லாம் நம்பாத நான். படித்ததெல்லாம் கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டது போல, கழுத்து தானாகத் திரும்பியது.

இலையை அப்படியே கீழே கொண்டுபோனார்கள். அண்ணிதான் வைத்தாள். சோட்டா சோற்றைத் தின்றான், அதிரசத்தைத் தின்றான், கடைசியில் இலையையும் தின்றான். யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே பிறகு அழுதார்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. துக்கம் கேட்க வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை. ஒருவர் வெல்லம். ஒருவர் பன். கலவை ஊரிலிருந்து வந்த சொந்தம் ஒரு பை பொட்டுக்கடலை. வீட்டுக்குள் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குப் போனால் பேச வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும், ஒரு உதடு வந்து துழாவி எடுத்துக்கொள்ளும். உன் சாவில் எல்லோருக்கும் செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

அண்ணி அப்போது சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்டதைப் பிசைவாள், எழுந்துவிடுவாள். ஆனால் காலையும் மாலையும் ஊறவைத்த கொண்டைக்கடலையோடு சோட்டா முன்னால் நிற்பாள். "அவன் சாப்ட்டா நான் சாப்ட்ட மாதிரி இருக்குது பாப்பா," என்றாள்.

கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கு வேலையும் இல்லை. துக்க வீட்டுக் குதிரையில் மாப்பிள்ளையை ஏற்ற யாருக்கும் மனசு வரவில்லை. பேசி வைத்திருந்தவர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சரிகைத் துணி பெட்டியில். பெரிய குதிரை பிஜிலியும் சோட்டாவும் நின்ற இடத்தில்.

உன் கணக்கு எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நீ மழையையும் வெயிலையும் பார்த்து மட்டும் தீனி போட்டவன் இல்லை. கல்யாணங்களைப் பார்த்துப் போட்டாய். நம் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆம்பூர் பாய் வீடுகளில் மொகரத்துக்கும் ரம்ஜானுக்கும் இல்லை. அந்த மாதங்கள் வேறு வருடா வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். சுவரில் இரண்டு காலண்டர் மாட்டி வைத்திருந்தாய். ஊர்வலம் இருந்தால் அவித்த கொள்ளு, தவிடு, கொஞ்சம் வெல்லம். இல்லாவிட்டால் வெறும் சோளத்தட்டை, வைக்கோல், காய்ந்த புல். சோட்டாவுக்கு அதிலும் பாதி.

"பாவம்ணா. லீவுல கூட அதுங்க நல்லா சாப்பிட வேணாமா?" என்று ஒருமுறை சண்டை போட்டேன்.

"லீவுல நீ எப்டி சாப்பிடறன்னு நான் பாத்துக்கினுதான் கீறேன்," என்றாய். "உனக்கு சேர் கீது. உக்காந்துக்கலாம். அது நாலு கால்ல நிக்கணும்."

ஆவணியில் மழை வந்தது. கொட்டகைக்குப் பின்னால் இளம்புல் முளைத்தது. பார்க்க அழகாக இருந்தது என்று அவிழ்த்துவிட்டோம். நீ முதல் மழைக்கு இரண்டையும் கட்டியே வைப்பாய். ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பிறகு ஒரு காலை. சோட்டா முன்னங்கால்களை முன்னுக்கு நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றான். எதையோ வேண்டாம் என்று தள்ளுவது போல. இழுத்தாலும் ஒரு அடி வைக்கவில்லை. குளம்பைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்.

கால்நடை டாக்டர் வந்தார். "இன்னா குடுத்தீங்க?" என்றார். அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்யாண வீட்ல மனுஷனுக்குக்கூட இவ்ளோ போட மாட்டாங்கம்மா. மாவும் இனிப்பும் ஜாஸ்தி. நடை இல்ல. அதுக்கு மேல புதுப்புல்லு. குளம்புக்குள்ள எலும்பப் புடிச்சிக்கினு இருக்கற சதை வீங்கிப் போச்சி. மட்டக் குதிரைக்கு இது சீக்கிரம் வரும்."

"சரியாப் போய்டுமா சார்?"

"பாக்கலாம். ஆனா ஒரு தடவ வந்ததுக்கு வழி தெரிஞ்சிடும். இன்னொரு தடவ வந்தா என்னால நிக்க வெக்க முடியாது."

நிற்க வைக்க முடியாது என்றால் என்ன என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சோட்டா அவர் பையை முகர்ந்து பார்த்தான், உள்ளே தின்ன ஏதாவது இருக்குமா என்று.

அன்று மாலை அண்ணியின் கையிலிருந்து வாளியை வாங்கினேன். உடனே தரவில்லை. பிடி இறுகியது. பிறகு விட்டுவிட்டு உள்ளே போனாள். என்னோடு பேசவில்லை. வெளியே பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணன் போனதும் அவன் குதிரைக்கு ஒரு வாய் போட மாட்டேன்றா. படிச்சவ."

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும். ஜோடி சரியா என்று பார்ப்பது. இடது, வலது, தையல், அடி. நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஊர்களின் கால்களுக்காக. அந்த மாதங்களில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் கொட்டகைக்கு ஓடுவேன். இரண்டு குளம்புகளைத் தொடுவேன். சூடா? இல்லையா? நேற்றைவிடக் கம்மியா? என் உள்ளங்கையே காய்ச்சலாக இருக்கிறதோ என்று அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்.

புரட்டாசி முழுக்க அவன் மணலில் நின்றான். கால்களில் ஈரச் சாக்கு. தீனி, காய்ந்த புல் மட்டும். அதையும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடச் சொன்னார் டாக்டர். புல்லுக்குள்ளும் இனிப்பு இருக்கிறதாம். ஊறிய தண்ணீர் டீ நிறத்தில் வடியும். வடித்துக் கொட்டுவேன். ஒரேயடியாகப் பட்டினியும் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நான் கம்பெனிக்குப் போனபின் யார் போடுவது? அண்ணிதான் போட்டாள். பேசாமல், என் மேல் இருந்த கோபத்தோடு, ஒருவேளைகூடத் தவறாமல்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நீ கடைசியாகப் பேசி வைத்த கடலைக்கொடி கொட்டகை மூலையில் இருந்தது. பிஜிலிக்கு மேல்கட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அடிக்கட்டைத் தொட வேண்டாம் என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தாள். அது இருக்கட்டும் என்று. தீனியாக இல்லை. உன் பேச்சாக.

ஒரு மழை விட்ட மதியம் அவளே அந்தக் கட்டைப் பிரித்தாள். வெள்ளைப் பொடி பறந்தது. முகர்ந்தாள். இருமினாள். ஒருவரையும் கூப்பிடாமல் தனியாக இழுத்துப்போய்க் குப்பைக்குழியில் தள்ளினாள்.

"பூஞ்சை புட்ச்சிக்கிச்சி பாப்பா," என்றாள் என்னிடம். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "உங்க அண்ணன் இருந்தா இத உள்ள வெச்சிருக்கவே மாட்டாரு."

கார்த்திகையில் பாபு பாய் வந்தார். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தத் தீட்டெல்லாம் இல்ல தங்கச்சி. பிஜிலிய குடு. சும்மா நின்னா இதுவும் படுத்துக்கும், அப்புறம் ரெண்டு பேஜார்." பெட்டியிலிருந்து சரிகைத் துணியை எடுத்தோம். பிஜிலி போனாள். திரும்பி வந்தபின் அவளுக்கு மட்டும் அவித்த கொள்ளு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சோட்டா பார்ப்பான். ஒரே கூரை, ஒரே வேளை, இரண்டு நியாயம். நீ எப்படி இதைத் தினமும் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாய்? இல்லை, தூங்கினாயா?

மாட்டுப் பொங்கல் அன்று தெருவே கிண்ணத்தோடு வந்தது. பசங்களுக்குச் சோட்டா என்றால் உயிர். அண்ணி படலைச் சாத்திக்கொண்டு முன்னால் நின்றாள்.

"அக்கா, ஒரு வாய்தான்க்கா."

"ஒரு வாயும் கெடையாது."

"பொங்கலுக்குக்கூடவா? பாவம்க்கா அவன்."

"என்னப் பாத்தா பாவமா இல்லியா? எனக்குக் குடுங்கடா. நான் துன்றேன்."

பசங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவன் கிண்ணத்தை நீட்டினான். அண்ணி தின்றாள். அடுத்த கிண்ணம். அதையும். விரலை நக்கிக்கொண்டு, "உங்கம்மா முந்திரிய கம்மியா போட்டுக்கீது," என்றாள். நீ போனபின் அவள் வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் படல்மேல் தலையை வைத்துச் சோட்டா ஒவ்வொரு கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாசிக்குப் பிறகு அடி வைத்தான். பங்குனியில் கொட்டகையைச் சுற்றி வந்தான். சித்திரையில் ஊரெல்லாம் காய்ந்தபோது ஒருவர் அன்பாக ஒரு கட்டுப் பச்சைப் புல் கொண்டுவந்தார். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுநீர் ஓடும் கால்வாய்க் கரையில் அறுத்தது. கத்திரி வெயிலிலும் பளபளவென்று இருந்தது. நீ அந்தக் கரைப் பக்கம் கத்தி எடுத்துப் போனதே இல்லை. "அங்க பச்சை ஜாஸ்தி. அதான் பயம்," என்பாய். கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. இத்தனை மாதமாக நான் செய்துவருவது இதுதான் அண்ணா. அன்பாக நீட்டிய கைகளைத் திருப்பி அனுப்புவது.

இப்போது உன் திவசம். நேற்று பெரியம்மா வந்து பேச்சை எடுத்தாள். போன வருடம் பதினாறுக்கு எல்லாரும் சேர்ந்து ஜாஸ்தியாகப் போட்டதால்தான் அப்படி ஆனது, இந்த முறை ஒரே ஒரு இலை, ஒன்றும் ஆகாது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அரிசி களைவதை நிறுத்தினாள்.

"இலை மாடியிலதான் அத்தை. காக்கா வரலன்னா நான் நிக்கறேன். சாயங்காலம் வரைக்கும் நிக்கறேன்."

"அவன் பசிச்சிக் கத்தினா?"

"கத்தட்டும். பசிச்சா உயிரோட கீறான்னு அர்த்தம்."

பெரியம்மா எழுந்து போய்விட்டாள். கோபமா, அழுகையா, தெரியவில்லை. அண்ணி மறுபடி அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். அவள் முடிவு செய்துவிட்டாள். அதனால் பயம் போய்விடவில்லை.

எனக்கும் போகவில்லை. நான் நம்பாதவள். சரி. ஆனால் அன்று மாடியில் நிற்கும்போது, காக்காய் வராமல், வெயில் ஏறி, கீழேயிருந்து சோட்டா கனைத்தால்? என் கழுத்து மறுபடி திரும்பும். தெரியும். அவன் குரலில் நீ இருக்கிறாயா என்று ஒரு நொடி கேட்பேன். அந்த ஒரு நொடியில்தான் போன வருடம் இலை கீழே இறங்கியது.

அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். காக்காயாக வந்தால் மாடிக்கு வா. வடை இருக்கும். அண்ணி இருப்பாள். எவ்வளவு தாமதமானாலும் இருப்பாள். கொட்டகையில் வந்து நின்றால் உனக்கு அங்கே ஒரு பிடி காய்ந்த புல்தான். ஊறவைத்து, வடித்து, பிழிந்தது. நீயாகவே இருந்தாலும் அதற்கு மேல் போட மாட்டேன். எவ்வளவு கனைத்தாலும் போட மாட்டேன். சோட்டாவுக்கு நீ போட்ட அளவு அதுதான்.

உதைக்கும் சத்தம் நின்றிருக்கிறது. போய்க் குளம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். குளிர்ந்திருக்கிறது. நாலு காலில் நிற்கிறான்.

வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கும்,
உன் தங்கை,
பாப்பா