ஈறு வளர்ந்தால் வளரட்டும்

அரிலியே ஊர்,
நவம்பர், ஞாயிறு காலை

என் அன்பு மகன் ராஸ்ட்கோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், என் முழங்காலைக் கேட்காதவரை. நீ தூரதேசத்து மால்மோவில் நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது, ஆனால் உன் முகத்தைப் பார்க்காமல் நீ சொல்லும் பதிலை நான் எப்படி நம்புவது? கோடையிலிருந்து வீடியோவில் நீ எனக்குக் காட்டுவது உன் அறைக் கூரையைத்தான். விளக்கோரம் ஒட்டடை தொங்குகிறது, துடைத்துவிடு. அப்பா ராஸ்பெர்ரிச் செடிகளைக் கழித்து முடித்துவிட்டார். மிளகாய் சுட்டு அய்வார்த் துவையல் கிண்டி ஜாடிகளில் அடைத்தாயிற்று, அடிப்பிடித்ததை வழித்துத் தின்ன நீ இல்லாததால் சட்டியை அப்படியே ஊறப் போட்டேன், போட்டுவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

ஈறு வீங்கிப் பல்லை மூடுகிறது என்று நீ சொன்ன நாள்முதல் நான் குறுக்குக் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கதவையும் ஜன்னலையும் ஒன்றாகத் திறந்துபோட்டுத் தூங்குகிறவனுக்கு வேறென்ன வரும்? பக்கத்து வீட்டு மிலிங்கா அக்காவும், "ஈரத் தலையோட காத்துல நின்னிருப்பான்டி, வேறென்ன" என்று சத்தியம் செய்யாத குறை. அதனால்தான் வாய் கொப்புளிக்கச் சொல்லி, வீட்டில் காய்ச்சிய பிளம் ராக்கியாச் சாராயத்தை உங்கள் ஊருக்கு வரும் பஸ் டிரைவர் மிர்கோவிடம் உனக்குக் கொடுத்தனுப்பினேன். "என் சரக்கைக் கொப்புளிச்சுத் துப்பவா அனுப்புற? அதுக்கு ஆத்துலயே ஊத்தலாமே!" என்று அப்பா அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் என் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் யாஸ்னாவிடம் உன் பேச்சை எடுத்தேன். சின்னப் பெண்தான், ஆனால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "பையன் ஏதாவது மாத்திரை சாப்பிடுறாராம்மா?" என்று கேட்டாள். வலிப்புக்கு, பள்ளிக்கூடத்திலிருந்தே, என்றேன். "அப்போ காத்து மேல பழி போடாதீங்க. அந்த மாத்திரைதான் சிலருக்கு ஈறை இப்படி வளர்த்து விடும்" என்றாள். நான் விடவில்லை, ஜன்னல் கதை முழுவதையும் சொன்னேன். "ஜன்னலைச் சாத்தினா குளிரு குறையும்மா, ஈறு குறையாது" என்றுவிட்டாள். ராக்கியா அனுப்பியதைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "வலிப்பு மருந்து சாப்பிடுறவருக்குச் சாராயமா? ஐயோ அம்மா!" என்று அவள் சத்தம் போட்டது வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அதிகமாக வளர்ந்த ஈறை வெட்டிச் சரிசெய்யலாமாம், பல்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டாலே கொஞ்சம் அடங்குமாம், வலிப்பு டாக்டரிடம் சொன்னால் அவரே பார்த்து மெதுவாக வேறு மாத்திரைக்கு மாற்றக்கூடுமாம். ஆனால் நீயாக மட்டும் மாத்திரையை நிறுத்தவே கூடாது, வலிப்பு திரும்பிவிடும் என்று அவள் சொன்னதும் நீ போனில் பேசியதுதான் நினைவுக்கு வந்தது. நீ, "ஸ்லாவாப் பண்டிகைக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டிடுறேன்மா, இந்த வாயோட அத்தனை பேர் முன்னாடி வந்து நிக்க மாட்டேன்" என்றாயே. மாத்திரைதான் காரணம் என்று உனக்கு முன்பே தெரிந்துவிட்டது, அதை நிறுத்தத்தான் பார்க்கிறாய். மறைக்காதே, உன் குரல் எனக்குத் தெரியாதா? பேக்கரியில் அடுப்பின் முன்னால் நிற்கிறவனடா நீ. சமையலறைத் தரையில் நீ வலிப்பில் துடித்தபோது உன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு நான் கத்தியதும், வண்டி கேட்டு அப்பா வெறுங்காலோடு பனியில் ஓடியதும் உனக்கு நினைவிருக்காது, எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. இங்கேயாவது என் மடி இருந்தது. அங்கே உன்னை யாரடா தாங்குவார்கள்?

இந்த வருடம் நம் குடும்பக் காவலர் புனித நிக்கோலாவின் நாளில் உன்னோடு சேர்ந்து ரொட்டியைப் பிட்டு, வீட்டு ஸ்லாவாவை நடத்தும் பொறுப்பை உன் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுப்பார்கள், உன் வாயைப் பார்ப்பார்கள், மிலிங்கா அக்கா ஏதாவது சொல்லவும் சொல்வாள். சொல்லட்டும், அவள் வாயில் கேக்கைத் திணிப்பது என் பொறுப்பு. கூச்சமாக இருந்தால் அடுத்த வருடம் வா, அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். மாத்திரையை விட்டுவிட்டு மட்டும் வராதே. ஈறு வளர்ந்தால் வளரட்டும், நீ எனக்கு முழுசாக வேண்டும்.

மிர்கோ இந்தக் கடிதத்தோடு அய்வாரும் கம்பளிக் காலுறையும் தருவான். அந்த ராக்கியாவைத் தொட்டியில் கொட்டிவிடு, அப்பாவிடம் மூச்சு விடாதே. இன்று மாத்திரை போட்டாயா? நாளைக்கே டாக்டரைப் பார். புனித நிக்கோலா உனக்குத் துணையாக இருந்து காக்கட்டும், நீ நிற்கும் இடமெல்லாம் நல்லதாக இருக்கட்டும்.

அடுத்த முறை கூப்பிடும்போது போனைக் கூரையிலிருந்து உன் பக்கம் திருப்படா, கண்ணா. நீ முதன்முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தபோது உன் வாயில் ஒரு பல்கூட இல்லை, வெறும் ஈறுதான்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா தெசான்கா